கேட்கிறது, ஆனால் புரியவில்லை: இயர்பட்ஸை நம்புவோர் செய்யும் தவறுகள்

காது லேசாக மந்தமானவர்கள் "கேட்கவில்லை" என்று சொல்வது குறைவு. "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்பார்கள். மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று குறைப்படவும் செய்வார்கள். காதுகேள் கருவிபோல இயர்பட்ஸை மாட்டிக்கொள்ளும் இவர்கள் செய்யும் தவறுகள்தான் இங்கே பேச்சு.

வயதாலும் இரைச்சலாலும் வரும் மந்தத்தில் பெரும்பாலும் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில், பலமாக வரும். ச, த, ப போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் ஒலிகளோ மெல்லியவை, சுருதியில் உயர்ந்தவை. 'காசு' என்றார்களா 'காது' என்றார்களா? 'கா' வந்துவிடும், கடைசி உகரமும் வந்துவிடும், நடுவில் இருப்பது நழுவிவிடும். இந்தக் காதுக்கு வால்யூமை மட்டும் ஏற்றினால் ஏற்கெனவே பலமாக இருக்கும் உயிரொலிகள் இன்னும் முழங்கும், தெளிவு அவ்வளவாகக் கூடாது. எல்லோரும் முதலில் செய்கிற தவறு இதுதான். போதாததற்கு, அளவுக்கு மீறிய சத்தம் மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் கெடுக்கும். பெரியவர்களுக்கு 80 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு.

அதனால் காதில் எங்கே எவ்வளவு குறைவு என்று அளந்து, அந்த இடத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கும் இயர்பட்ஸ்தான் தேவை. எல்லா இயர்பட்ஸும் இதைச் செய்யாது. 2024 செப்டம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ 2 இயர்பட்ஸுக்கான இப்படிப்பட்ட மென்பொருளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. அதுவும் 18 வயது நிரம்பியவர்களுக்கு, லேசானது முதல் நடுத்தரம் வரையிலான குறைபாட்டுக்கு மட்டும். குழந்தைக்குக் காது மந்தம் என்றால் இயர்பட்ஸ் பக்கமே போக வேண்டாம். வேறு பல இயர்பட்ஸில் இருக்கும் டிரான்ஸ்பரன்சி, ஆம்பியன்ட் சவுண்ட் மோடுகள் வெளிச்சத்தத்தை உள்ளே விடும், சிலவற்றில் கொஞ்சம் கூட்டவும் முடியும். அது உதவாது என்றில்லை. ஆனால் உங்கள் காதுக்கென்று தைத்த சட்டை அல்ல அது. ஒன்றுமே கேட்கவில்லை என்று புலம்புவோரில் சிலர், வெளிச்சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங்கை அணைக்க மறந்திருப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்!

இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு காதை அளக்கும் சோதனையை மின்விசிறி ஓடும் அறையில் செய்வது அடுத்த தவறு. மெல்லிய பீப் ஒலி இரைச்சலில் மூழ்கும், உள்ளதைவிட மோசமாக முடிவு வரும், பிறகு தேவைக்கு மேல் சத்தம் கூட்டப்படும். ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) எடுத்த ஆடியோகிராம், அதாவது காது எந்த ஒலியை எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், கையில் இருந்தால் அதைப் போனில் பதிவேற்றுவதே மேல்.

போனின் மைக்கை வைத்து இயர்பட்ஸுக்கு ஒலி அனுப்பும் வழியும் உண்டு. இதைத்தான் பலர் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள். புளூடூத் வழியாக ஒலி வந்து சேரப் பத்தில் ஒரு பங்கு நொடிக்கு மேலும் ஆகலாம். எதிரே இருப்பவரின் குரல் நேராகவும் ஒருமுறை, தாமதமாகவும் ஒருமுறை விழும், உதட்டசைவோடும் ஒட்டாது. போன் உங்கள் சட்டைப்பையில் இருந்தால் தாமதம்தான் மிச்சம், லாபம் இல்லை. அதே போனைப் பேசுபவர் முன்னால் மேசையில் வைத்துப் பாருங்கள். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும், அறையின் இரைச்சல் அதோடு சேர்ந்து கூடாது. தொலைவில் ஒருவர் உரையாற்றும் கூட்டத்துக்கு இது அருமையான ஏற்பாடு. நாலு பேர் மாறி மாறிப் பேசும் இடத்தில் எடுபடாது.

ரப்பர் முனை அளவு சரியில்லையென்றால் கீ என்று விசில் அடிக்கலாம். சரியாக அடைத்தாலோ சொந்தக் குரல் பானைக்குள் பேசுவது போல முழங்கும், மெல்லும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும். இதற்குப் பயந்து முதல் நாளே கழற்றி வைத்துவிடுகிறார்கள். மூளை புது ஒலிக்குப் பழகச் சில வாரம் பிடிக்கும். அமைதியான அறையில், ஒருவரோடு பேசும்போது தொடங்குங்கள், கூட்டத்துக்கு அப்புறம் போகலாம். ஒன்றை மட்டும் மாட்டிக்கொள்வதும் வேண்டாம். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறியவும், இரைச்சலில் குரலைப் பிரிக்கவும் இரண்டு காதும் தேவை. இயர்பட்ஸின் வலைக் கண்ணியில் குறும்பி (காது அழுக்கு) அடைத்தால் ஒலி மங்கும், அவ்வப்போது காய்ந்த பிரஷால் துடைத்துவிடுங்கள்.

குறும்பி காதுக்குள்ளேயே அடைத்திருந்தால்? மந்தத்துக்கே அதுதான் காரணமாக இருக்கலாம், எடுத்துவிட்டால் இயர்பட்ஸே தேவைப்படாது. ஆகவே காதை ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டாமல் தொடங்குவதைத் தவறு என்றே சொல்வேன். ஒரு காதில் மட்டும் குறைவு அல்லது இரைச்சல், வலி, சீழ், தலைசுற்றல் இருந்தால் இயர்பட்ஸால் சமாளிக்கப் பார்க்கக் கூடாது. ஒரே நாளிலோ ஓரிரு நாளிலோ கேட்கும் திறன் திடீரென்று போனால் அது அவசரம். சிகிச்சை தள்ளிப்போகப் போகத் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறையும்.

நாள் முழுக்க மாட்டியிருக்கலாம் என்று எண்ணாதீர்கள், சார்ஜ் சில மணி நேரம்தான் வரும். அப்புறம் ஒன்று: காதில் இயர்பட்ஸைப் பார்த்ததும் நீங்கள் பாட்டுக் கேட்கிறீர்கள் என்று எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்திவிடுவார். "உங்கள் பேச்சைக் கேட்கத்தான் மாட்டியிருக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.