கொண்டைக்கடலைத் தண்ணீரில் வீகன் (பால், முட்டை எதுவும் சேராத) ஐஸ்கிரீம்

கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை நான் கீழே கொட்டுவதே இல்லை. உப்புப் போடாமல் வேகவைத்து, கடலையோடு சேர்த்தே ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் அந்த நீர் விரலில் வழவழவென்று ஒட்டும். இன்னும் நீர்க்க இருந்தால் அடுப்பில் கொஞ்சம் வற்றவிட்டு ஆறவையுங்கள். அதில் இறங்கியிருக்கும் புரதமும் மாவுச்சத்தும்தான் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நுரைக்க வைக்கின்றன. பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோசெல் 2014-ல் கவனித்துச் சொன்ன விஷயம் இது.

அந்த நீர் அரை கப், எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக் கூடாது, இருந்தால் நுரை எழும்பாது. நுரை அடிக்கும் பீட்டரால் அடித்துக்கொண்டே அரை கப் சர்க்கரையைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். 10 நிமிடமாவது ஆகும், பொறுமை வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் நுரை அசையக் கூடாது.

அப்புறம், தோல் கறுத்துப்போன 2 வாழைப்பழங்களை மசித்து, ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பாலில் கலந்து, நுரையில் ஊற்றி அடியிலிருந்து மெதுவாகக் கிளறுங்கள். நுரை சற்று அமுங்கும், பரவாயில்லை. சர்க்கரையில் மட்டும் கை வைக்காதீர்கள்; ஐஸ்கிரீம் கல்லாக உறையாமல் இருப்பது அதனால்தான். மூடி, ஃப்ரீசரில் 6 மணி நேரம். கடலை வாசனையா? பழத்தின் மணம் அதை அமுக்கிவிடும்.