ஜோகன்னஸ்பர்க் குளிரில் பூனை: ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து தொடங்கலாம்

ஊரில் ஆடி என்றால் காற்றும் கூழும். இங்கே ஆடிக் காலையில் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், கறிவேப்பிலைச் செடி கருகி நிற்கும். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். ஜூலையில் பகலில் 17 டிகிரி வெயில் சுகமாக அடிக்கும். இரவில் 4 டிகிரிக்கு இறங்கும், சில விடியற்காலைகளில் பூஜ்யத்துக்கும் கீழே போகும். 2023 ஜூலை 10ஆம் தேதி பஞ்சு பஞ்சாகப் பனியே கொட்டியது. அதற்கு முன் இந்த ஊர் அதைப் பார்த்தது 2012இல்.

கடலோர டர்பன்காரர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். அங்கே ஜூலை இரவிலும் 11 டிகிரி இருக்கும். பூனைக்கு ஒரு பழைய போர்வை போதும். நாங்கள் இருப்பது ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே, இந்தியர்கள் அதிகம் வாழும் லெனேசியாவில். இங்கே வீடுகள் குளிருக்கென்று கட்டியவை அல்ல. டைல்ஸ் தரை, தகரக் கூரை, கதவுக்கடியில் விரல் நுழையும் இடுக்கு. வீடு முழுவதையும் சூடாக்குவது என்ற பேச்சே கிடையாது, மின்சாரக் கட்டணம் அப்படி. அதனால் நான் சொல்லப்போவது வீட்டைச் சூடாக்கும் வழி இல்லை. பூனையின் சூடு பூனையிடமே நிற்கும்படி செய்யும் வழி.

படி 1: எதையும் வாங்காதீர்கள், இரண்டு இரவு கவனியுங்கள்

முதல் குளிர்காலத்தில் நான் செய்த தவறு இதுதான். எங்கள் சுண்டுவுக்கு (பழுப்பு வரிப்பூனை, இப்போது பன்னிரண்டு வயது) பஞ்சு பஞ்சாகப் பெரிய மெத்தை ஒன்று வாங்கி வந்தேன். ஒரு நாள் முகர்ந்து பார்த்தது, அவ்வளவுதான். குளிர் முடியும்வரை டிவிக்குக் கீழே இருக்கும் டிகோடரின் (செட்டாப் பாக்ஸின்) மேலேயே சுருண்டு கிடந்தது. டிகோடர் சூடாக இருக்கும், மேலே பலகை, மூன்று பக்கமும் மறைப்பு. பக்கத்து வீட்டு ஆயா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெரிய மெத்தை எதுக்குக் கண்ணு? பொட்டி சின்னதா இருந்தாத்தான் சூடு நிக்கும்."

ஆயா சொன்னதில் கணக்கு இருக்கிறது. பூனையின் உடல் சூடு 38 முதல் 39 டிகிரி வரை, நம்மைவிட அதிகம். சுற்றிலும் 30 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அதன் உடம்பு சூட்டுக்காகத் தனியாக உழைக்க வேண்டியிருக்காது. நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சமாளிக்கும் 14 டிகிரி அறை அதற்குக் குளிர்தான். ஆனால் சின்ன இடத்தில் சுருண்டால் உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றைத் தன் உடம்பாலேயே அது சூடாக்கிக்கொள்ளும். பெரிய மெத்தையில் அந்தச் சூடு அறைக்குப் போய்விடும்.

ஆகவே உங்கள் பூனை எங்கே போய்ப் படுக்கிறது, எத்தனை உயரத்தில், எந்தப் பக்கம் முதுகைக் கொடுத்து என்று பாருங்கள். பெட்டியை அங்கேயே வைக்கப் போகிறோம்.

படி 2: பெட்டி

தேவையானவை: ஒன்றுக்குள் ஒன்று போகும் இரண்டு அட்டைப் பெட்டிகள், பழைய நாளிதழ்கள், அகலமான டேப், ஒரு பழைய ஃப்ளீஸ் போர்வை. கடையில் கேட்டால் பெட்டி சும்மாவே தருவார்கள்.

உள்பெட்டி பூனை உள்ளே நுழைந்து, ஒரு சுற்றுத் திரும்பி, சுருண்டு படுக்கும் அளவு இருக்க வேண்டும். 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் சாதாரணப் பூனைக்குச் சரி. "பாவம், கொஞ்சம் தாராளமா இருக்கட்டுமே" என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள்.

வெளிப்பெட்டியின் அடியில் நாளிதழை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். அதன்மேல் உள்பெட்டியை வையுங்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் கசக்கிய தாளைத் திணியுங்கள், ஆனால் கல்லுப்போல இறுக்க வேண்டாம். குளிரைத் தடுப்பது தாளுக்குள் சிக்கிக்கொள்ளும் காற்றுதான். இறுக்கினால் காற்றுக்கு இடமில்லாமல் போகும். தெர்மாகோல் பலகை கிடைத்தால் அடியில் ஒன்று போடுங்கள், மிகவும் நல்லது. ஆனால் பூனைக்கு எட்டாதபடி மூடிவிட வேண்டும். சில பூனைகள் அதைக் கடித்துத் தின்னும்.

வாசல் 15 செ.மீ. அகலம் போதும், ஒரு சாணுக்கும் குறைவு. நடுவில் வெட்டாமல் ஒரு ஓரமாக வெட்டுங்கள். அப்போது பூனை மறு ஓரத்தில் காற்றுப் படாமல் படுக்கும். இரண்டு பெட்டியிலும் ஓட்டை நேராக வருகிறதா என்று முதலில் பென்சிலால் வரைந்து பார்த்துக்கொள்ளுங்கள். நான் வரையாமல் வெட்டினேன். ஒரு ஓட்டை கிழக்கே, ஒன்று மேற்கே.

உள்ளே போர்வையை மடித்துப் போடுங்கள். நீங்கள் உடுத்திப் பழசான ஸ்வெட்டர் இருந்தால் அதையும் போடலாம். உங்கள் வாசனை இருந்தால் பூனை சீக்கிரம் நுழையும். பெட்டியை வெறும் டைல்ஸ்மேல் மட்டும் வைக்காதீர்கள். ஒரு நாற்காலி, ஸ்டூல், தாழ்ந்த அலமாரி, எதன் மேலாவது. அறையில் சூடான காற்று மேலேதான் நிற்கும், தரையில் நமக்கே கால் விறைக்கிறது. சுண்டு மாதிரி மூட்டுவலி வந்த கிழப்பூனை என்றால் குதிக்கச் சொல்லக் கூடாது. பக்கத்தில் ஒரு படி வையுங்கள், அது மலஜலம் போகும் மண் தட்டின் விளிம்பும் தாழ்ந்ததாக இருக்கட்டும்.

படி 3: வடக்கு ஜன்னல்

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இதில் குழப்பம் வரும், எனக்கும் வந்தது. மார்கழியில் நம் ஊரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். இங்கே நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கு வானத்தில், உச்சிவேளையிலும் 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் வடக்குப் பார்த்த ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் ரொம்ப தூரம் வரும். தெற்கு ஜன்னலில் குளிர்காலம் முழுக்க ஒரு பொட்டு வெயில் விழாது.

வடக்கு ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசையும் மடித்த போர்வையும் போதும். காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை பூனை அங்கேயே கிடக்கும். வெயில் இறங்கியதும் திரையை மூடிவிடுங்கள்.

படி 4: கூடுதல் சூடு, கவனமாக

பெட்டி சரியாக இருந்தால் நல்ல வயதில் இருக்கும் பூனைக்கு இது தேவையே இல்லை. குட்டி, கிழம், நோயாளி, உடம்பில் சதை இல்லாத பூனை, இவற்றுக்கு மட்டும்.

எளிதானது அரிசி மூட்டை. பருத்திக் காலுறையில் இரண்டு குவளை பச்சரிசியைப் போட்டு முடிச்சுப் போடுங்கள். மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்து, எடுத்துக் குலுக்கி, மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுடக் கூடாது, இதமாக இருக்க வேண்டும். பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள். எதிர் மூலை காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் பூனை நகர்ந்துகொள்ளும்.

மின்வெட்டு நாளில் மைக்ரோவேவ் எங்கே? கேஸ் அடுப்பில் தண்ணீரைச் சுடவைத்து, கொதிக்கும் முன்பே இறக்கி, கெட்டியான மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள். ரப்பர் வெந்நீர்ப் பை வேண்டாம். பூனை தூங்குவதற்கு முன் முன்னங்காலால் பிசையும், நகம் இறங்கும். எங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிக்குப் பெட்டி, போர்வை, பூனை எல்லாம் நனைந்தன. ஈரமான பூனைக்குக் குளிர் இரண்டு பங்கு. அந்த இரவு முழுக்க சுண்டு என் ஸ்வெட்டருக்குள் தூங்கியது, நான் தூங்கவில்லை.

ஹீட்டர் விஷயம். சிவப்பாக எரியும் பார் ஹீட்டருக்கு ஒரு மீட்டருக்குள் பூனையை விடாதீர்கள். மேல்முடி இருப்பதால் பூனைக்குச் சூடு உறைப்பது நம்மைவிடத் தாமதம். வால் கருகும் வாசனை முதலில் நமக்குத்தான் வரும், பூனை அப்போதும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் பரவாயில்லை. பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஹீட்டரைப் பூனை தட்டிவிட்டால் வீடே பற்றும். கேஸ் ஹீட்டர் போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். எதுவானாலும் எரியவிட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது.

படி 5: தண்ணீரும் சாப்பாடும்

குளிரில் பூனை தண்ணீரே குடிக்காது. நாம் கவனிக்கத் தவறுவதும் இதைத்தான். தண்ணீரை வெதுவெதுப்பாக, நாளுக்கு இரண்டு மூன்று தடவை மாற்றி வையுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி இன்னொரு இடத்தில் வைத்தால் கூடுதலாகக் குடிக்கும். ஈர உணவு கொடுப்பவர்கள் ஒரு கரண்டி வெந்நீர் கலந்து, உள்ளங்கைச் சூட்டுக்குக் கொண்டுவந்து கொடுங்கள். வாசனை கிளம்பும், தண்ணீரும் வயிற்றுக்குள் போகும்.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்: அது மண் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து, முக்கி, சொட்டுக்கூட விழாமல் வந்தால், அது மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். ஒன்றிரண்டு நாளில் உயிரே போகும். அந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

பால் வேண்டாம், வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குச் செரிக்காது, வயிற்றைக் கலக்கும். தக்காளிச் சாறில் வரும் பில்சார்ட் மீன் டப்பாவையும் பழக்காதீர்கள், உப்பு அதிகம். வெங்காயம், பூண்டு சேர்ந்த மீன்குழம்புச் சோறு பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்குக் குளிர் என்று தீனியைக் கூட்டவும் தேவையில்லை.

படி 6: ஷாக்

இங்கே குளிர்காலத்தில் மழை கிடையாது, காற்று காய்ந்து கிடக்கும். ஃப்ளீஸில் புரண்ட பூனையைத் தொட்டால் இருட்டில் பொறியே தெரியும். மூக்கில் ஷாக் அடித்த பூனை அப்புறம் அந்தப் பெட்டிக்குள் போகாது. தடவுவதற்கு முன் கையை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளீஸ்மேல் ஒரு பருத்தித் துணி விரித்தாலும் குறையும். குளிப்பாட்டாதீர்கள், சீவிவிட்டால் போதும்.

படி 7: வாசலில் வந்து நிற்கும் பூனைக்கு

எங்கள் முற்றத்துக்கு வெள்ளையன் என்று ஒருவன் வருவான். வீட்டுக்குள் வரமாட்டான், போகவும் மாட்டான். அவனுக்கு அட்டைப் பெட்டி உதவாது, விடியற்பனியில் ஊறிவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி எடுத்து, உள்ளே நான்கு பக்கமும் தெர்மாகோல் வைத்து, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வாசல் வெட்டுங்கள். செங்கல்மேல் தூக்கி வையுங்கள். இங்கே குளிர் காற்று தெற்கேயிருந்து வரும், அதனால் வாசல் வடக்குப் பார்த்து இருக்கட்டும்.

உள்ளே போர்வை போடவே போடாதீர்கள். ஈரத்தை இழுத்துக்கொண்டு ஐஸ்கட்டி மாதிரி ஆகிவிடும். வைக்கோல் போடுங்கள். கோதுமை வைக்கோலின் தண்டு உள்ளே குழலாக இருக்கும், ஈரம் பிடிக்காது, பூனை உள்ளே புதைந்துகொள்ளும். குதிரைத் தீவனம் விற்கும் கடையில் கட்டாகக் கிடைக்கும். அங்கே "லூசர்ன்" என்று ஒரு கட்டையும் காட்டுவார்கள். அது குதிரைமசால், தின்கிற தீவனம். ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும். மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று: காலையில் காரையோ பக்கியையோ (பிக்கப் வண்டி) கிளப்பும் முன் பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். இரவில் வந்து நின்ற வண்டியின் இன்ஜின் சூட்டுக்குத் தெருப்பூனைகள் உள்ளே ஏறிப் படுத்திருக்கும்.

நம் வீட்டு வைத்தியம் வேண்டாம்

பூனை தும்மினால் கை தானாகத் தைலத்துக்குப் போகும். நீலகிரித் தைலம், கற்பூரம், மூக்கடைப்புக்குத் தேய்க்கும் களிம்பு, எல்லாமே பூனைக்கு விஷம். தேய்த்ததை அது நக்கும், அதன் ஈரலால் இவற்றை முறிக்க முடியாது. சாம்பிராணி போடுகிற வெள்ளிக்கிழமை பூனையை வேறு அறையில் விடுங்கள், அந்தப் புகை அதன் மூச்சுக்கு ஆகாது. பனாடோ, அதாவது பாரசிட்டமால், பாதி மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லும்.

குளிர் உள்ளே இறங்கிவிட்டால்

காதும் பாதமும் சில்லென்று இருந்து பூனை நடுங்கினால், உலர்ந்த துண்டில் சுற்றி, மேலே சொன்ன பாட்டிலை வயிற்றுப் பக்கம் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். நடுக்கம் நின்று, கூப்பிட்டால் திரும்பாமல், துவண்டு கிடந்தால் நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். துண்டோடும் பாட்டிலோடும் அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், வழியில் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். பிறந்து மூன்று நான்கு வாரம் ஆகாத குட்டிகளுக்கு நடுங்கிச் சூடாக்கிக்கொள்ளும் சக்தியே சரியாக வந்திருக்காது, அவற்றுக்கு இன்னும் அவசரம்.

ஆகஸ்டில் பகல் சூடு கூடும், ஆனால் புழுதிக் காற்று கிளம்பும். ஆடிக்காற்று இங்கேயும் உண்டு. முற்றத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியின் மேல் ஒரு செங்கல் வையுங்கள். செப்டம்பர் நடுவில் எல்லாவற்றையும் பிரிக்கலாம். போர்வையை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடுங்கள், அடுத்த வருடம் வேறு கிடைக்கும். அழுக்காகாத வைக்கோல் மிச்சமிருந்தால் கறிவேப்பிலைச் செடியின் அடியில் பரப்பிவிடுங்கள். கருகின குச்சியில் அப்போதுதான் தளிர் விட்டிருக்கும்.