கிணறுகள் கடலுக்குப் போன கதை: அடிப்படை லேயரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை மாவட்டத்து மூதூரில் கிணறுகள் எங்கெங்கே என்று எண்களில் சொல்லும் பட்டியல் ஒன்று கைக்கு வந்தது. வரைபடம் போடும் மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில், அடிப்படை லேயரின் (எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கும் வரைபட அடுக்கு) மேல் திறந்தேன். அத்தனை கிணறும் காலிக்கு மேற்கே, நடுக்கடலில்! பட்டியலில் பிழையில்லை. பழைய கிரிட் (இடங்களை மீட்டர் எண்களில் சொல்லும் கட்டமுறை) எண்களுக்குப் புதிய கிரிட்டைத் தெரிவு செய்தவன் நான்தான்.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய கிரிட்டும், 1999 இல் வந்த எஸ்எல்டி99 கிரிட்டும் பீதுருதாலகாலை உச்சியையே மையமாகக் கொண்டவை. பழையதில் அந்த மையத்தின் கிழக்கு, வடக்குப் பெறுமானங்கள் இரண்டும் 200,000 மீட்டர், புதியதில் 500,000. பழைய எண்ணுக்குப் புதிய கிரிட்டைக் கொடுத்தால் தெற்கே 300 கிலோமீட்டர், மேற்கே 300 கிலோமீட்டர் ஓடிவிடும். திருமலை மாவட்டத்தில் இதைப் பிடிப்பது சுலபம்: ஆறிலக்கக் கிழக்குப் பெறுமானம் 2 இல் தொடங்கினால் பழையது, 5 இல் தொடங்கினால் புதியது.

இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும், நல்ல காலம். பழைய வரைபடங்களின் கந்தவல டேட்டத்தில் (அகலாங்கு நெட்டாங்கை எதிலிருந்து அளப்பது என்ற அடிப்படை) உள்ள அகலாங்கு நெட்டாங்கை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 டேட்டம் என்று நினைத்துப் போட்டால்தான் ஆபத்து. நூறு மீட்டருக்கும் மேல் நகரும், ஆனால் எல்லாம் ஊருக்குள்ளேயே விழுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. கிண்ணியாவில் கரையோரத்து வீடொன்று தண்ணீருக்குள் தெரிந்தால், வெள்ளம் என்று எழுதுமுன் டேட்டத்தைப் பாருங்கள்.

அடுத்தது, தன் புள்ளிகள் பொருந்தவில்லை என்று கிராம உத்தியோகத்தர் பிரிவின் எல்லைக்கோட்டையே இழுத்துச் சரிசெய்வது. இதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர். ஐயா, அந்தக் கோடு உங்களுடையது அல்ல! மூல லேயரைப் பூட்டி வையுங்கள், எந்தத் திகதிக் கோப்பு என்பதையும் குறித்து வையுங்கள். பிரிவுகள் பிரிக்கப்படுவதும் உண்டு.

பெயரை வைத்து அட்டவணைகளை இணைப்பதும் வேண்டாம். மூதூரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். தம்பலகாமத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரிவின் குறியீட்டு எண்ணால் இணையுங்கள்.

அப்புறம், அளவுத்திட்டம். 1:50,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். அதை எவ்வளவு பெருப்பித்தாலும் நிலாவெளியில் ஒரு காணியின் வேலி தெரியாது. செய்மதிப் படம் பளிச்சென்று இருப்பதால் அது சட்ட எல்லையாகிவிடாது. வேலி எங்கே என்று கேட்டு வருபவரை, காணி உறுதியோடு அனுமதி பெற்ற நில அளவையாளரிடம் அனுப்பிவிடுங்கள்.