லண்டன் போகும் டெல்டாப் பிள்ளைகளுக்கு: பழைய டிவி ரெக்கார்டரும் அதன் ஹார்டு டிஸ்க்கும்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கமிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள், முதல் குளிர்காலத்தில் வாட்ஸாப்பில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணே, பழைய ரெக்கார்டர் பெட்டி ஒண்ணு மலிவா கிடைச்சுது. படம் நின்னு நின்னு வருது. டிஸ்க்கை மாத்திடட்டுமா?" அங்கே பெட்டி பழுதுபார்த்துவிட்டுக் கும்பகோணத்துக்கே திரும்பிவிட்டவன் நான். என் பதிலும் ஒன்றுதான். மாற்றாதீர்கள், அந்த டிஸ்க் தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் கணக்கை முதலில் படியுங்கள். அதை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே நீளமாகச் சொல்லப் போகிறேன். மற்றவை போகிற போக்கில்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம். ஆன்டெனா வழியாக மாதக் கட்டணமில்லாமல் வரும் சேவைக்கு அங்கே ஃப்ரீவியூ என்று பெயர். பி.பி.சி., ஐ.டி.வி., சானல் 4, குழந்தைகளுக்கான சானல்கள் எல்லாம் அதில் உண்டு. தமிழ்ச் சானல் வரும் என்று நம்பி வாங்காதீர்கள். "உலகத்துச் சானல் அத்தனையும் வருஷத்துக்கு இவ்வளவுதான்" என்று யாராவது ஒரு கருப்புப் பெட்டியை நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். அது திருட்டு இணைப்பு.

டிவி லைசென்ஸ் என்பது நம் ஊரில் எப்போதோ ஒழிந்துபோன சங்கதி. அங்கே இன்னும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது. எந்தச் சானலானாலும் ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசென்ஸ் வேண்டும். பி.பி.சி.யின் நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்க்க உதவும் ஐபிளேயருக்கும் வேண்டும். பலருக்குத் தெரியாதது இது: நம் ஊர்ச் சானலை செல்போன் ஆப்பில் நேரலையாகப் பார்த்தாலும் அதே விதிதான். பிடிபட்டால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வாடகை ஒப்பந்தத்தில் வீடு எடுத்திருந்தால் பொதுவாக ஒரு லைசென்ஸ் போதும். அறைக்கு அறை தனி ஒப்பந்தமென்றால் அவரவர் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

இனி பெட்டி. மலிவாகக் கிடைப்பவற்றில் நான் தேடச் சொல்வது ஹியூமாக்ஸ் எச்.டி.ஆர். ஃபாக்ஸ் டி2. 2010இல் வந்த பழைய மாடல்தான். 500 ஜி.பி. அல்லது 1 டி.பி. டிஸ்க்கோடு இருக்கும்; ஒரே நேரத்தில் இரண்டு சானலைப் பதிவு செய்யும். உள்ளே ஓடுவது லினக்ஸ். ஆர்வலர்கள் அதற்கென்று ஒரு கஸ்டம் ஃபர்ம்வேர், அதாவது பெட்டியை இயக்கும் மென்பொருளின் மாற்றுப் பதிப்பு, செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு வயதான பெட்டியை இன்னமும் நான் சிபாரிசு செய்வதற்கு அது ஒன்றே காரணம். அதே கம்பெனியின் பிந்தைய மாடல்கள் பளபளவென்று இருக்கும். இந்த ஃபர்ம்வேர் அவற்றில் ஏறாது.

படம் நின்று நின்று வந்தால் முதல் சந்தேகம் டிஸ்க்கின் மேல் விழக்கூடாது, ஆன்டெனாவின் மேல் விழ வேண்டும். வாடகை வீட்டுச் சுவரில் ஆன்டெனா சாக்கெட் இருக்கும். அதற்குப் பின்னால் கூரையில் ஆன்டெனா இருக்கிறதா என்பது வீட்டுக்காரருக்கே தெரியாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: உயரக் கம்பம் நட்டு, ஒருவர் மாடியில் திருப்ப, ஒருவர் கீழேயிருந்து "அங்கேயே நிறுத்து" என்று கத்தி, இலங்கை ரூபவாஹினியைப் பிடித்த காலம் ஒன்று உண்டு. அந்த வித்தை அங்கேயும் செல்லும். லண்டன்காரர்கள் ஆன்டெனாவை கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்தைப் பார்த்துத் திருப்ப வேண்டும். பர்மிங்ஹாம் என்றால் சட்டன் கோல்ட்ஃபீல்டு, மான்செஸ்டர் என்றால் வின்டர் ஹில். திருப்பிவிட்டுச் சானல்களை மறுபடி தேடச் சொல்லுங்கள்.

சிக்னல் கோளாறா, டிஸ்க் கோளாறா என்று பிரித்தறிவது அவ்வளவு கடினமில்லை. படம் கட்டம் கட்டமாகச் சிதறி, சத்தம் கீச்சிட்டால் சிக்னல். படம் அப்படியே உறைந்து, ரிமோட்டை அமுக்கினாலும் பெட்டி அசையாமல், கொஞ்ச நேரம் கழித்து எல்லா உத்தரவையும் மொத்தமாக நிறைவேற்றினால் டிஸ்க். இந்தப் பெட்டி, நீங்கள் எதையும் பதிவு செய்யாவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் சானலைப் பின்னணியில் டிஸ்க்கில் எழுதிக்கொண்டேயிருக்கும். நேரலையை நிறுத்திவைக்கவும் பின்னோக்கி ஓட்டவும் முடிவது அதனால்தான். செட்டிங்கில் போய் இந்த டைம்ஷிஃப்ட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். உறைவது நின்றுவிட்டால் டிஸ்க் பக்கம் ஏதோ இருக்கிறது. நிற்கவில்லையென்றால் மறுபடியும் ஆன்டெனா.

டிஸ்க் பக்கம் என்றேனே தவிர டிஸ்க் என்று சொல்லவில்லை. உள்ளே இருக்கும் மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு இரண்டு மின்னழுத்தம் வேண்டும்: மோட்டார் சுழல 12 வோல்ட், அதன் போர்டுக்கு 5 வோல்ட். பத்துப் பன்னிரண்டு வருடம் சூட்டிலேயே கிடந்த பவர் போர்டில் கண்டன்சர் உப்பியிருந்தால் 12 வோல்ட் தள்ளாடும். டிஸ்க் சுழலத் தொடங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும். டக் டக்கென்று சத்தம் வேறு. பார்க்கிறவர் டிஸ்க் செத்துவிட்டது என்று புதிது வாங்கிப் போடுவார், அதுவும் அதே பாட்டைப் பாடும். மூடியைக் கழற்றினால் கண்டன்சரின் தலை தட்டையாக இருக்கிறதா, மேடு தட்டியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து திறக்க வேண்டும். பவர் போர்டின் பெரிய கண்டன்சரில் மின்சாரம் தேங்கியிருக்கும், கை வைத்தால் தூக்கியடிக்கும். போர்டு வேலை பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம்.

இந்தக் குழப்பமெல்லாம் தீர்வதற்குத்தான் கஸ்டம் ஃபர்ம்வேர். விளம்பரத்தைத் தாண்டுவது, செல்போனிலிருந்து பதிவு போடுவது என்று அதில் ஆயிரம் வசதி இருக்கிறது. பிள்ளைகள் அதற்காகத்தான் ஏற்றுகிறார்கள். என்னைக் கேட்டால் அதெல்லாம் இனாம்; உண்மையான லாபம், டிஸ்க்கின் உடல்நிலையை அது காட்டிக்கொடுப்பது.

ஏற்றுவது எளிது. பெட்டியில் இப்போது இருக்கும் மென்பொருளின் பதிப்பு எண்ணை மெனுவில் பார்த்து, அதற்குப் பொருந்தும் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஃபேட்32ஆக ஃபார்மட் செய்த பென் டிரைவில், எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல், அந்தக் கோப்பைப் போடுங்கள். பெயரை மாற்றினால் பெட்டி கண்டுகொள்ளாது. பின்பக்க சுவிட்சை அணைத்து, பென் டிரைவைச் செருகி, சுவிட்சைப் போட்டால் முன்பக்கத் திரையில் வேலை நடப்பது தெரியும். முடியும்வரை கரண்டைத் தொடக்கூடாது. பதிவுகளுக்கு இதனால் சேதம் வராது. பிறகு நெட்வொர்க் ஒயரைச் செருகி, பெட்டியின் ஐ.பி. எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) லேப்டாப் பிரௌசரில் அடித்தால் மீதியை அதுவே கேட்டு இறக்கிக்கொள்ளும். பல கல்லூரி விடுதிகளின் வைஃபையில் ஒரு கருவியை இன்னொன்று பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். அங்கே சின்ன ரௌட்டர் ஒன்று தேவைப்படும். கம்பெனி மென்பொருள் காற்றுவழியாக வந்து இதை அழித்துவிடாமல் தடுக்க ஒரு துணை நிரல் உண்டு. அதையும் சேர்த்து ஏற்றுங்கள். கடவுச்சொல் வையுங்கள், பெட்டியை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

பிரௌசரில் திறக்கும் அந்தப் பக்கத்தில் டிஸ்க் பரிசோதனை என்று ஒரு பகுதி இருக்கும். டிஸ்க் தன்னைப் பற்றி எழுதிவைக்கும் கணக்கு என்றேனே, அதுதான் அங்கே வரும் ஸ்மார்ட் அட்டவணை. பார்த்ததும் மிரள வேண்டாம், நாலைந்து வரிசை போதும். நான் சொல்லும் எண் வரிசையின் அடையாள எண், மேலிருந்து எண்ணிப் பார்ப்பதல்ல. 197ஆம் வரிசை: படிக்க முடியாமல் போய், என்ன செய்வதென்று முடிவாகாமல் நிலுவையில் நிற்கும் இடங்கள். 5ஆம் வரிசை: கெட்டதென்று முடிவாகி, அவற்றுக்குப் பதில் டிஸ்க் உபரியாக ஒதுக்கி வைத்திருப்பதிலிருந்து மாற்றிடம் கொடுக்கப்பட்டவை. உடைந்த மடையை அடைத்துவிட்டுத் தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலில் திருப்பிவிடுகிற மாதிரி. 198, பரிசோதனையிலும் மீட்க முடியாதவை. 199 ஏறினால் டிஸ்க்கின் மேல் தவறில்லை. டேட்டா ஒயரைக் கழற்றிச் சரியாகச் செருகுங்கள், இல்லையென்றால் ஒயரை மாற்றுங்கள். 9ஆம் வரிசை டிஸ்க் ஓடிய மணிக்கணக்கு. விற்றவர் "அதிகம் யூஸ் பண்ணலை" என்று சொன்னது எவ்வளவு உண்மை என்று அதில் தெரிந்துவிடும். சீகேட் டிஸ்க்குகளில் 1, 7ஆம் வரிசைகளின் மூல எண் (டிஸ்க் அப்படியே பதிந்துவைக்கும் எண்) கோடிக்கணக்கில் நிற்கும். அது அவற்றின் இயல்பு.

197இல் எண் இருக்கிறது, 5 பூஜ்யம் என்றால் டிஸ்க்கைக் குப்பையில் போட வேண்டியதில்லை. நிலுவையில் நிற்கும் இடத்தில் மறுபடி எழுதினால்தான் அது நல்லதா கெட்டதா என்று டிஸ்க்குக்கே தெரியும். அந்த வேலையைச் செய்யத்தான் இந்த ஃபர்ம்வேரில் டிஸ்க்கைச் சரிசெய்யும் நிரல் ஒன்று இருக்கிறது. லேப்டாப்பிலிருந்து பெட்டிக்கு எழுத்தில் உத்தரவு கொடுக்கும் டெல்நெட் வழியாக நுழைந்து, பெட்டியைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோய் ஓட்ட வேண்டும். கெட்ட இடங்களைத் தேடி எழுதி, பிறகு எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கான கோப்பு அமைப்பையும் சரிபார்க்கும். மணிக்கணக்கில் ஓடும், இரவு விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். அந்த இடத்தில் பதிவு இருந்திருந்தால் அதில் ஓரிரு நொடி போகும், அவ்வளவுதான். முடிந்தபின் 197 பூஜ்யமாகி, 5 ஒரு சிறு எண்ணில் நின்று, அடுத்த வாரமும் அப்படியே நின்றால் நிம்மதியாகப் பாருங்கள். பார்க்கும்போதெல்லாம் 5 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்குக்கு நாள் எண்ணலாம். புதிது வாங்குங்கள்.

வாங்கும்போது கண்காணிப்பு கேமராவுக்கென்று விற்கும் வகையைக் கேளுங்கள். இடைவிடாமல் எழுதுவதற்கென்றே செய்தவை அவை. 2 டி.பி.க்கு மேல் போகாதீர்கள், அதைத் தாண்டினால் கூடுதல் வேலை இருக்கிறது. 2 டி.பி.யே எதேஷ்டம், எச்.டி. பதிவு மணிக்குச் சுமார் 3 ஜி.பி.தான் பிடிக்கும். மாட்டியபின் பெட்டியின் மெனுவிலேயே ஃபார்மட் செய்துகொள்ளலாம்.

பழைய டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டினால் "ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்கும். ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். அது லினக்ஸ் டிஸ்க் என்பதால் விண்டோஸுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். லினக்ஸில் மாட்டினால் கோப்புகள் தெரியும், ஆனால் ஓடாது. பதிவுகள் பூட்டப்பட்டிருக்கும், சாவி அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. வேறு பெட்டியில் போட்டாலும் திறக்காது. ஆகவே குழந்தை பள்ளி நிகழ்ச்சி டிவியில் வந்தது மாதிரி வைத்துக்கொள்ள வேண்டிய பதிவு ஏதாவது இருந்தால், பெட்டி உயிரோடு இருக்கும்போதே பென் டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். சாதாரணத் தரப் பதிவு யூ.எஸ்.பி.க்கு நகலெடுக்கும்போதே பூட்டுத் திறந்துவிடும். எச்.டி. அப்படித் திறக்காது, கஸ்டம் ஃபர்ம்வேரின் உதவி வேண்டும். அதை இங்கே திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ வீட்டு டிவியில் போட்டு, படம் வந்து சத்தம் வராமல் போனால் பயப்படாதீர்கள். ஃப்ரீவியூ எச்.டி.யின் ஒலி வடிவம் நம் ஊர் டிவிகள் பலவற்றுக்குப் பழக்கமில்லை. லேப்டாப்பில் வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயரில் ஓட்டி எச்.டி.எம்.ஐ. ஒயரில் டிவிக்குக் கொடுங்கள்.

திரும்பி வரும்போது பெட்டியை மூட்டை கட்டிக்கொண்டு வராதீர்கள். பிளக் மாற்றினால் கரண்ட் ஏறும், ஏனென்றால் இரண்டு ஊரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் உள்ளே இருப்பது ஆன்டெனா வழி ஒளிபரப்பை மட்டும் பிடிக்கும் தரைவழி ட்யூனர். நம் வீட்டுக்கு வருவதோ கேபிள் அல்லது டிஷ். அடுத்து வந்து இறங்கும் பிள்ளையிடம், ஸ்மார்ட் அட்டவணையை ஒரு படமெடுத்துப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். டிவி லைசென்ஸையும் ரத்து செய்யுங்கள். முழு மாதங்கள் மிச்சமிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். விண்ணப்பத்தை விமானம் ஏறுவதற்கு முன்பே, அங்கத்து வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருக்கும்போதே போட்டுவிடுங்கள்.