வரைபடம் முதலில், விபத்து கடைசியில்: பொறியியல் வகுப்பில் கேஸ் ஸ்டடி நடத்தும் முறை

பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் கேஸ் ஸ்டடி என்ற பெயரில் பெரும்பாலும் கதைதான் சொல்லப்படுகிறது. இடிந்த கட்டடத்தின் படத்தைக் காட்டி ஆசிரியரே காரணத்தையும் சொல்லிவிட்டால், மாணவருக்குக் குறிப்பெடுப்பதைத் தவிர வேலை இல்லை. ஆகவே வரைபடத்தை முதலில் கொடுங்கள். விபத்தைக் கடைசிவரை சொல்லாதீர்கள்.

நிலையியல், அதாவது அசையாமல் நிற்கும் பொருள்களின் மேல் விழும் விசைகளைப் பற்றிய பாடம், படிக்கும் வகுப்புக்கு நான் எடுத்துக்கொள்வது, அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் இருந்த ஹயாத் ரீஜென்சி விடுதியின் தொங்கு நடைபாலங்கள். நான்காம் தளப் பாலமும் அதற்கு நேர் கீழே இரண்டாம் தளப் பாலமும் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கின. முதல் வடிவமைப்பில் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் ஊடுருவிச் சென்றது. ஒவ்வொரு பாலத்தையும் அதன் அடியில் கம்பியில் திருகிய நட்டு தாங்கியது. அப்படியானால் மேல்பாலத்தின் நட்டைத் திருகி ஏற்ற, கம்பியின் கீழ்முனையிலிருந்து நான்காம் தளம் வரை நெடுகிலும் மரை (திருகுப் புரி) வெட்ட வேண்டியிருக்கும் என்பதால், கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு ஒரு கம்பியும், மேல்பாலத்தின் உத்திரத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு இன்னொரு கம்பியுமாக, எஃகு வேலையைச் செய்த பட்டறையினர் மாற்றினார்கள்.

இந்த இரண்டு இணைப்புகளையும் கரும்பலகையில் அருகருகே வரைந்து, ஒவ்வொரு பாலத்திலிருந்தும் ஒரு கம்பிக்கு வரும் எடையை P என்று கொடுத்து, மாற்றத்துக்கு ஒப்புதல் தரலாமா என்று மட்டும் கேளுங்கள். விடுதியின் பெயரைச் சொல்லாதீர்கள். சொன்னால் கைபேசியில் விடை வந்துவிடும்.

பெரும்பாலான குழுக்கள் தரலாம் என்றே சொல்லும். மேல்கம்பி முன்பும் 2P தாங்கியது, இப்போதும் 2P தாங்குகிறது, பிறகென்ன என்பார்கள். கம்பியைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரியானதே, அதனால் உடனே திருத்த வேண்டாம். மேல் உத்திரத்தின் அடியிலுள்ள நட்டை மட்டும் தனியே பிரித்து, அதன் மேல் விழும் விசைகளை அம்புகளாகக் காட்டும் விசைப்படம் வரையச் சொல்லுங்கள். முன்பு P மட்டும் தாங்கிய அந்த இடத்தில் இப்போது 2P விழுவது அங்கேதான் தெரியும். நம்பாதவர்களுக்காக இரண்டு தெர்மோகோல் பட்டைகளையும் நூலையும் வைத்திருப்பேன். ஒரே நூலில் இரண்டையும் கோத்து, ஒவ்வொன்றின் அடியிலும் முடிச்சிட்டு, சம எடைகளைத் தொங்கவிட வேண்டும். பிறகு கீழ்ப்பட்டையை மேல்பட்டையிலிருந்தே தொங்கவிட்டு, எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், மேல்பட்டையைத்தான் முடிச்சு முதலில் கிழித்துக்கொண்டு வரும்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லுங்கள். 1981 ஜூலை 17 மாலை, கீழ்க்கூடத்தில் நடன விழா நடந்துகொண்டிருந்தபோது, நட்டும் கம்பியும் பெட்டிபோல் உள்ளே வெற்றிடமுள்ள மேல்பாலத்தின் உத்திரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தன. இரண்டு பாலங்களும் கூட்டத்தின் மேல் விழுந்து 114 பேர் இறந்தார்கள். வகுப்பு அமைதியாகிவிடும், அந்த அமைதியைக் கலைக்க அவசரப்படாதீர்கள். சற்றுமுன் ஒப்புதல் தந்தவர்கள் அவர்களே அல்லவா?

அடுத்த வகுப்பில் பொறுப்பைப் பற்றிப் பேசுங்கள். முதல் வடிவமைப்பே நகரக் கட்டட விதி கேட்ட வலிமையில் சுமார் 60 சதவீதம்தான் கொண்டிருந்தது என்று விசாரணை கண்டறிந்ததையும், மாற்றிய வரைபடத்தில் வடிவமைப்புப் பொறியாளரின் ஒப்புதல் முத்திரை இருந்ததையும், பின்னர் மிசௌரி மாநிலத்தில் பொறியாளர்கள் உரிமம் இழந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பழி முழுவதும் பட்டறையின் மேல் போய்விடும்.

மதிப்பெண்ணுக்கு விபத்தின் காரணங்களைக் கேட்காதீர்கள். மாணவர் பார்த்திராத வேறொரு இணைப்பின் பட்டறை வரைபடத்தைக் கொடுத்து, அதைத் திருப்பியனுப்பும் பொறியாளராக, கணக்கோடு ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொல்லுங்கள்.