பெங்களூரு வீட்டில் ஃப்ளஷ் சரியாகப் போகவில்லையா?

பெங்களூருக்கு வந்து வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் எத்தனை மாதம், மெட்ரோ எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்கிறோம். ஃப்ளஷை மட்டும் அழுத்திப் பார்ப்பதில்லை. சாவி வாங்கும் முன்பே ஒரு தடவை அழுத்திவிடுங்கள். தண்ணீர் சரியாகப் போகவில்லையென்றால் அங்கேயே வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் போடுங்கள். குடிவந்த பிறகு சொன்னால் செலவு உங்கள் தலையில்தான் விடியும்.

குடிவந்தாச்சா? சரி, கோளாறு ஃப்ளஷ் தொட்டியிலா, வெளியேறும் குழாயிலா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கெட் தண்ணீரை டாய்லெட் கோப்பைக்குள் வேகமாக ஊற்றுங்கள். (ஏற்கெனவே தண்ணீர் மேலேறி நின்றால் ஊற்ற வேண்டாம், வழிந்துவிடும்.) கடகடவென்று இறங்கினால் குழாய் நன்றாகத்தான் இருக்கிறது. மட்டம் ஏறி, மெதுவாக வடிந்தால் அடைப்பு.

தொட்டிப் பக்கம் என்றால் மூடியைத் திறங்கள். உள்ளே நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே வரை தண்ணீர் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மிதவையைச் சற்று உயர்த்துங்கள். தொட்டிக்குத் தண்ணீர் விடும், சுவரில் உள்ள ஆங்கிள் காக் (சின்னக் குழாய்த் திருகு) பாதி மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். மேல்மாடி வீடுகளில் மாடித் தொட்டி பக்கத்திலேயே இருப்பதால் பிரஷர் கம்மி. நிரம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். போர்வெல், டேங்கர் தண்ணீரில் வரும் மண், தொட்டிக்குள் தண்ணீர் வரும் இன்லெட் வால்வின் சின்ன வலையில் போய் அடைத்துக்கொள்வதும் உண்டு. ஆங்கிள் காக்கை மூடிவிட்டு வலையைக் கழற்றிக் கழுவினாலே பாதி வீடுகளில் வேலை முடிந்துவிடும்.

தொட்டி நிறைய தண்ணீர் இருந்தும் வேகமில்லையா? இந்த ஊரில் என் முதல் சந்தேகம் உப்புத் தண்ணீர்தான். காவிரித் தண்ணீர் போதாமல் போர்வெல்லை நம்பியிருக்கும் குடியிருப்புகளில் கோப்பை விளிம்புக்கு அடியில் உள்ள துளைகளைச் சுண்ணாம்புப் படிவு அடைத்துவிடுகிறது. ஒரு கைக்கண்ணாடியைக் கீழே பிடித்தால் தெரியும். வினிகரில் நனைத்த துணியை விளிம்போடு ஒட்டி இரவு முழுக்க விட்டு, காலையில் கம்பியால் துளைகளைக் குத்திவிடுங்கள். டாய்லெட் கிளீனர் ஆசிட்டையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். வினிகரோடும் பிளீச் கூடாது.

யாரும் அழுத்தாமலே தண்ணீர் கசிகிறதா? தொட்டிக்குள் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் அடி வாஷர் போய்விட்டது. டேங்கருக்குக் காசு கொடுக்கும் ஊரில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய வாஷரைக் கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப் போங்கள். அளவு சொல்லி வாங்கப் போனால் இரண்டு தடவை அலைய வேண்டியிருக்கும்.

அடைப்புக்கு பிளஞ்சர்தான். ரப்பர் கிண்ணம் தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும், இல்லையென்றால் வெறும் காற்றைத்தான் அமுக்குவீர்கள். குளியலறைத் தரையிலும் தண்ணீர் தேங்கினால் அடைப்பு உங்கள் கோப்பையில் இல்லை, வெளியே சேம்பரில் (கழிவுநீர்க் குழாய்கள் சேரும் மூடிபோட்ட குழியில்) இருக்கலாம். அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷனிடம் சொல்லுங்கள். தெருச் சாக்கடையே பொங்கினால் குடிநீர் வாரியத்துக்கு 1916 என்ற எண்ணில் போன் பண்ணுங்கள்.

பிளம்பர் வந்தே ஆக வேண்டுமென்றால் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழிலேயே பேசி முடித்துவிடலாம். மாற்றிய பொருளுக்கு பில் வாங்கி, அதையும் ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.