சிங்கப்பூரில் அடுப்பு உள்ள தங்குமிடம்: குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் படிப்படியாக

கைக்குழந்தைக்குக் கஞ்சி, சர்க்கரை உள்ள அப்பாவுக்கு எட்டு மணிக்குள் இட்லி, அம்மாவுக்கு வெங்காயம் பூண்டு இல்லாத ரசம். இப்படி ஒரு குடும்பம் சிங்கப்பூருக்குக் கிளம்பினால் வெறும் ஹோட்டல் அறை போதாது, அடுப்பு வேண்டும். டிக்கெட், விசா எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதற்குள் போகவில்லை. தங்குமிடத்தை மட்டும் பார்ப்போம்.

படி 1: இரவுகளை எண்ணுங்கள்

எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புக்கிங் தளத்தில் நாலு இரவு, ஐந்து பேர், சமையலறை என்று போட்டுத் தேடினால் அநேகமாக ஒன்றும் தேறாது. வந்தாலும் மைக்ரோவேவ் மட்டும் உள்ள அறைகள்தான் வரும். 'சிங்கப்பூரில் அப்படி இடமே கிடையாது போல' என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். இடம் இருக்கிறது. நீங்கள் போட்ட தேதிதான் அதை மறைத்துவிடுகிறது.

காரணம் அந்த ஊர்ச் சட்டம். சமையலறையோடு வாடகைக்குக் கிடைக்கும் சர்வீஸ் அபார்ட்மென்டில் குறைந்தது 7 நாள் தங்க வேண்டும். கான்டோ (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) போன்ற தனியார் வீடு என்றால் குறைந்தது 3 மாதம். வீவக, அதாவது அரசு வீட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீடு என்றால் 6 மாதம், அதுவும் சுற்றுலா விசாவில் வருபவர்களுக்குக் கிடையாது. ஒரு இரவு, இரண்டு இரவு தங்க வேண்டுமானால் ஹோட்டல் உரிமம் பெற்ற கட்டடம்தான் வழி.

ஆகவே முதல் தேடலை 7 இரவு என்று போட்டுச் செய்யுங்கள். உங்கள் பயணம் ஐந்து நாள்தான் என்றாலும் பரவாயில்லை. அதுவரை கண்ணில் படாத சர்வீஸ் அபார்ட்மென்டுகள் அப்போதுதான் பட்டியலில் வரும். அதன் பிறகு முடிவு செய்யலாம்:

பயணம் ஏழு இரவோ அதற்கு மேலோ என்றால் யோசிக்காமல் சர்வீஸ் அபார்ட்மென்ட். ஐந்து, ஆறு இரவு என்றால் பயணத்தை ஏழாக நீட்ட முடியுமா பாருங்கள். முடியாவிட்டால், ஹோட்டல் உரிமத்தோடு அடுப்பும் வைத்திருக்கிற இடத்தைத் தேட வேண்டும். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் உண்டு. நாலு இரவோ அதற்குக் கீழோ என்றால் என் கருத்து, அடுப்பையே மறந்துவிடுங்கள். லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தை பக்கம் ஒரு ஹோட்டலில் இரண்டு அறை போட்டுவிட்டு, வெந்நீர் கெட்டிலையும் சிராங்கூன் சாலை மெஸ்களையும் வைத்துச் சமாளித்துவிடலாம். மூன்று நாளுக்காக அரிசி பருப்பு வாங்கி, பாதியைக் குப்பையில் போட்டுவிட்டு வருவதில் லாபம் ஒன்றுமில்லை.

'நாலு நாள் சிங்கப்பூர், மூன்று நாள் மலேசியா' திட்டத்துக்கு இந்த 7 நாள் விதி ஒத்துவராது. அப்படிப் போகிறவர்கள் சமையலை மலேசியப் பகுதிக்குத் தள்ளிவிடலாம். கோலாலம்பூரில் சமையலறையுள்ள வீடுகள் இரண்டு மூன்று இரவுக்கே தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் 'எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூரில் மலிவாகத் தங்கி தினமும் சிங்கப்பூர் போய் வரலாம்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எல்லைப்பாலத்து வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். ஒற்றை நுழைவு விசா என்றால் அதுவும் முடியாது.

படி 2: சட்டத்துக்குப் புறம்பான வீட்டை ஒதுக்குங்கள்

வீட்டுப் பகிர்வுத் தளங்களில் 'மூன்று படுக்கையறை கான்டோ, முழுச் சமையலறை, நீச்சல் குளம், இரண்டு இரவு போதும்' என்று அழகான படங்களோடு விளம்பரம் வரும். மேலே சொன்ன 3 மாத விதியை நினைத்துக்கொள்ளுங்கள். 2018இல் இப்படிக் குறுகிய வாடகைக்கு விட்ட இருவருக்கு ஆளுக்கு 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு வாடகைக்கு விடுபவர் மேல்தான். ஆனால் கான்டோ காவலாளி உள்ளே விடவில்லை என்றால், இரவு பதினொரு மணிக்குப் பெட்டியும் குழந்தையுமாகத் தெருவில் நிற்கப்போவது நீங்கள்.

அடையாளங்கள் எளிது: முன்பதிவு உறுதியான பிறகுதான் முகவரி தருவார்கள். 'காவலாளி கேட்டால் நண்பர் வீடு என்று சொல்லுங்கள்' என்பார்கள். சாவியைத் தபால் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொல்வார்கள். இதில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஹோட்டல் என்று சொல்லும் இடத்தின் பெயரை, ஹோட்டல் உரிம வாரியத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளலாம். சிட்டாடின்ஸ், சோமர்செட், ஃபிரேசர், வில்லேஜ் ரெசிடென்ஸ் போன்ற பெயர்களைத் தேடினால் முறையான சர்வீஸ் அபார்ட்மென்டுகள் கிடைக்கும். ஒரே நிறுவனத்தின் ஒரு கட்டடம் ஹோட்டலாகவும் இன்னொன்று அபார்ட்மென்டாகவும் இருக்கலாம். கட்டடம் கட்டடமாகப் பாருங்கள், பெயரை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

படி 3: தலையை எண்ணுங்கள்

தளங்கள் இயல்பாக இரண்டு பெரியவர் என்றே காட்டும். அதை மாற்றி, ஒவ்வொரு குழந்தையின் வயதையும் போடுங்கள். பல இடங்களில் 12 வயது ஆனாலே பெரியவர் கணக்கு.

ஸ்டூடியோவில் இரண்டு பேர். ஒரு படுக்கையறை வீட்டில் மூன்று, சோபாவை விரித்தால் சில இடங்களில் நாலு. ஐந்து பேருக்கு இரண்டு படுக்கையறை வேண்டும். 'ஒரு ஆளை எப்படியாவது உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடலாம்' என்பது நம் ஊரில் நடக்கலாம். அங்கே லிஃப்டுக்கே அட்டை வேண்டும், உள்ளே நுழையும்போது எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பதிவு செய்வார்கள். பரப்பளவைச் சதுர மீட்டரில் போட்டிருப்பார்கள், 10.76ஆல் பெருக்கினால் சதுர அடி. 45 சதுர மீட்டர் என்றால் 484 சதுர அடிதான். படத்தில் பார்த்தால் மண்டபம் மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள்.

படி 4: அது அடுப்புதானா?

'சமையலறை' என்ற பெட்டியை டிக் செய்தால் வருவதெல்லாம் சமையலறை இல்லை. கிச்சனெட் என்றால் தொட்டி, மைக்ரோவேவ், கெட்டில், குட்டி ஃபிரிட்ஜ் என்று மட்டும் இருக்கலாம். இன்னொரு வகையில் அடுப்பு இருக்கும், ஆனால் மாடிக்கு ஒரு பொதுச் சமையலறையில். தனியாகப் போகும் இளைஞர்களுக்கு அது சரி. காலை ஆறு மணிக்குக் கஞ்சி வைக்க வேண்டியவர்களுக்கு உதவாது.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேடையில் கறுப்புக் கண்ணாடிப் பலகையும் அதில் இரண்டு வட்டமும் தெரிந்தால் அடுப்பு உண்டு. அதற்கு மேலே புகை இழுக்கும் ஹூட் இருக்கிறதா என்றும் பாருங்கள். படத்தில் இல்லையென்றால் கேட்டுவிடுங்கள். கேள்விகள் இவ்வளவுதான்: இந்த வகை அறையில் அடுப்பு உள்ளேயே இருக்கிறதா? இண்டக்‌ஷனா, சாதாரண மின் அடுப்பா? ஹூட் உண்டா? பாத்திரங்கள் எத்தனை பேருக்கு? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

கறுப்புக் கண்ணாடி பெரும்பாலும் இண்டக்‌ஷன்தான். வீட்டிலிருந்து கொண்டுபோகிற அலுமினிய குக்கர் அதில் சூடாகாது. கிளம்பும் முன் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைக் குக்கரின் அடியில் வைத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடித்தால் வேலை செய்யும், வழுக்கினால் வைத்துவிட்டுப் போங்கள். அடி தட்டையாக இருக்க வேண்டும், அகலம் 12 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒற்றைத் தம்ளர் பால் காய்ச்சும் குட்டிக் கிண்ணத்தை அடுப்பு கண்டுகொள்ளாது, பாத்திரமே இல்லை என்று மினுக்கிக்கொண்டே இருக்கும். ஐந்து பேருக்கு இண்டக்‌ஷன் அடியுள்ள 3 லிட்டர் ஸ்டீல் குக்கர் ஒன்று போதும். சாதம், பருப்பு, இட்லி மூன்றும் அதிலேயே ஆகிவிடும்.

போனதும் அடுப்பு எரியவில்லை என்று வரவேற்பறைக்கு ஓடாதீர்கள். பலகையில் பூட்டு அல்லது சாவி போல ஒரு சின்னப் படம் இருக்கும். குழந்தைகளுக்கான பூட்டு அது. விரலை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, அந்தப் படத்தின் மேல் மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலும் திறந்துவிடும்.

தாளிப்புதான் அடுத்த வம்பு. கூரையில் புகை உணரும் கருவி இருக்கும். காய்ந்த மிளகாயைக் காந்தவிட்டால் அலறிவிடும். ஹூடை முதலில் போட்டு இரண்டு நிமிடம் கழித்து எண்ணெய் வையுங்கள். சூட்டை நடுவில் வைத்துத் தாளியுங்கள், இண்டக்‌ஷன் நம் கேஸ் அடுப்பைவிட வேகமாகச் சூடேறும். குக்கர் விசிலைக் கருவிக்கு நேர் கீழே விடாதீர்கள், நீராவிக்கும் சில கருவிகள் கூவும். கருவியை பிளாஸ்டிக் பையால் மூடுகிற புத்திசாலித்தனம் வேண்டவே வேண்டாம். மீன் வறுவலை வெளியில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். வாடை போகவில்லை என்று துப்புரவுக் கட்டணம் போடும் இடங்கள் உண்டு.

அடுப்பில்லாத ஹோட்டல் அறைக்குள் சொந்த இண்டக்‌ஷன் அடுப்பை எடுத்துப்போய்ச் சமைப்பதும் விதிமீறல்தான். அதற்கு இந்தக் குறிப்பில் இடமில்லை.

படி 5: விலையை முழுசாகப் பாருங்கள்

விலைக்குப் பக்கத்தில் ++ என்று இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதைச் சேர்த்த தொகை மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரியும் இனிமேல்தான் ஏறும். உதாரணத்துக்கு ஒரு இரவு 300 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 330 ஆகி, பிறகு 359.70 ஆகும். ஏழு இரவுக்கு நீங்கள் மனதில் போட்டது 2,100, பில்லில் வருவது 2,517.90. வித்தியாசம் 417.90 வெள்ளி. ஒப்பிடும்போது 'வரிகள் உட்பட' என்று காட்டும் வசதியைத் தளத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

தளத்தில் தேடிவிட்டு, அதே தேதிக்கு அந்த இடத்தின் சொந்த இணையதளத்திலும் பாருங்கள். ஏழு இரவுக்கு மேல் என்றால் நேரடியாகக் கேட்டுக் குறைக்க வாய்ப்பு உண்டு. எதில் போட்டாலும் இலவசமாக ரத்து செய்யும் வகையையே எடுங்கள், விசா கையில் வரும்வரை பணம் திரும்பாத வகை வேண்டாம். நுழையும்போது முன்பணத்துக்காக அட்டையில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். அதற்கு கிரெடிட் கார்டைக் கொடுங்கள். ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுத்தால் செலவுக்கு வைத்த பணமே முடங்கி, விடுபடச் சில நாள் ஆகும்.

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, கார் பந்தய வாரம் இவற்றில் விலை ஏறிவிடும்.

படி 6: எந்தப் பக்கம்?

சமைப்பதற்காகத்தான் போகிறீர்கள் என்றால் லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், பூன் கெங். மூன்றும் ஒரே ரயில் வழியில் அடுத்தடுத்த நிலையங்கள். தேக்கா சந்தையில் காலையிலேயே காய்கறி, மீன், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். திங்கட்கிழமை பல கடைகள் அடைத்திருக்கும், ஞாயிறே வாங்கி வையுங்கள். முஸ்தபா என்ற பெரிய கடையில் இட்லி மாவு முதல் அப்பளம் வரை உண்டு. அதனால் ஊரிலிருந்து மளிகை சுமக்காதீர்கள். கசகசா மட்டும் கூடவே கூடாது, அங்கே தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் அது கலந்திருந்தால் பொடியையும் விட்டுவிடுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், கேன் வாங்க வேண்டியதில்லை.

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர் கூட்டம் நிரம்பி வழியும். பயமில்லை, ஆனால் நடக்கச் சிரமப்படும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு பூன் கெங் நல்லது. பாலஸ்டியரில் வாசலில் ரயில் கிடையாது, பேருந்துதான். கேலாங்கில் மலிவாக அறை தென்பட்டால் முகவரியைப் பாருங்கள்: இரட்டைப்படை எண் லோரோங்குகள் (சந்துகள்) சிவப்பு விளக்குப் பகுதி.

பலரும் கேட்டதால் சேர்த்தவை

மிக்ஸி கொண்டுபோகலாமா? மின்னழுத்தம் 230 வோல்ட், ஒத்துப்போகும். பிளக்தான் வேறு: தட்டையான மூன்று கால். 13 ஆம்பியர் தாங்கும் நல்ல அடாப்டர் வாங்குங்கள். எல்லா நாட்டுக்கும் பொருந்தும் மலிவு அடாப்டரில் ரைஸ் குக்கரைச் சொருகினால் உருகும்.

சென்னை, திருச்சியிலிருந்து இரவு விமானத்தில் ஏறினால் விடியற்காலையில் இறங்குவீர்கள். அறை மதியம் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் பெட்டிகளை அங்கே வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்வரலாம். பாலும் மாவும் மட்டும் அறை கிடைத்த பிறகு வாங்குங்கள், பெட்டி வைக்கும் இடத்தில் ஃபிரிட்ஜ் இருக்காது.

வருகை அட்டையை இணையத்தில் நிரப்பும்போது தங்கும் முகவரி கேட்கும். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை. கட்டடத்தின் பெயர், தெரு, ஆறு இலக்க அஞ்சல் குறியீடு மூன்றையும் முன்பதிவு மின்னஞ்சலிலிருந்து அப்படியே எடுத்துப் போடுங்கள். விமான நிலையத்திலிருந்து வாடகைக் கார் பிடிப்பதற்கும் அந்த ஆறு எண் போதும். ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் ஆறு பேர் வண்டியாகக் கேளுங்கள், சாதாரண டாக்சியில் நாலு பேருக்குத்தான் இடம்.